மெட்ராஸ்ல ஏதுப்பா குளிர்காலம்னு கேக்கறவங்களுக்கு: மார்கழி நடை நடக்கறது எப்படி

வெயில், நல்ல வெயில், கொளுத்தற வெயில்னு மெட்ராஸுக்கு மூணே சீசன்தான்னு ஒரு பழைய ஜோக் இருக்குல்ல, அதை சொல்றவங்கள்ல ஒருத்தர் கூட மார்கழி மாசம் காலைல ஆறு மணிக்கு தெருவுல இறங்கி நடந்திருக்க மாட்டாங்கன்னு நான் பெட் கட்டுவேன். 20, 21 டிகிரிதான், ஊட்டிக்காரங்க கேட்டா சிரிப்பாங்க, ஆனா அதுக்கே நம்ம வீட்டுல குரங்கு குல்லா, மஃப்ளர், கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கின ஸ்வெட்டர் எல்லாம் பரண்லேர்ந்து இறங்கிடும். பழைய கணக்குல மார்கழியும் தையும் முன்பனிக்காலம். டிசம்பர் பாதியில ஆரம்பிச்சு பிப்ரவரி ரெண்டாவது வாரத்துக்குள்ள முடிஞ்சிடும், எட்டு வாரம்னு வச்சுக்கோங்க. இந்த எட்டு வாரத்தை எப்படி நடந்து அனுபவிக்கறதுன்னு எனக்கு பழகினதை சொல்றேன்.

நான் பெரிய பறவை எக்ஸ்பர்ட்லாம் கிடையாது. மடிப்பாக்கம், அக்கவுண்ட்ஸ் வேலை. மூணு வருஷம் முன்னாடி ஒரு டிசம்பர்ல வேலை டென்ஷன்ல தூக்கமே போச்சு, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போனை நோண்டறது, எட்டு மணிக்கு தலைவலியோட எழுந்து ஓடறது, வீட்டுல எல்லார் மேலயும் எரிஞ்சு விழறது. டாக்டர்கிட்ட போனா அவங்க "மாத்திரை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல காலைல அரை மணி நேரம் வெளிச்சத்துல நடம்மா"ன்னு அனுப்பிட்டாங்க. அப்போ எனக்கு கடுப்பா இருந்துச்சு, ஃபீஸ் வாங்கிட்டு இதையா சொல்றதுன்னு. அப்புறம்தான் புரிஞ்சுது, காலை வெளிச்சம் கண்ணுல பட்டாதான் உடம்புக்குள்ள இருக்கற கடிகாரம் இப்போ பகல்னு சரியா செட் ஆகும், அது செட் ஆனாதான் அன்னிக்கு ராத்திரி நேரத்துக்கு தூக்கம் வரும். எங்க அப்பா ஏற்கனவே மார்கழி ஃபுல்லா கோயிலுக்கு நடந்து போய் தொன்னைல சுடச்சுட வெண்பொங்கல் வாங்கி சாப்டுட்டு வர்ற ஆளு. அவர் கூட சேந்துக்கிட்டேன்.

முதல் வாரம் நான் நடந்த லட்சணத்தை சொன்னாதான் மத்ததெல்லாம் புரியும். கைல வாட்ச், காதுல ஹெட்செட், 50 நிமிஷத்துல 5 கிலோமீட்டர், அப்பாவை தெருமுனைலயே விட்டுட்டு நான் பாட்டுக்கு விறுவிறுன்னு போயிடுவேன். நாலாவது நாள் வீட்டுக்கு வந்து சோஃபால உக்காந்தா கெண்டைக்கால் வலிதான் மிச்சம், மனசு ஆபீஸ் மெயில்லயே இருக்கு. அப்பா என் தூரத்துல பாதி கூட நடக்காம முக்கால் மணி நேரம் கழிச்சு வர்றார், வந்ததும் "அந்த முருங்கை மரத்துல ஒரு மஞ்ச குருவி, கண்ணுல மை போட்ட மாதிரி இருக்கும்மா"ங்கறார். மாங்குயில் அது. நானும் அதே மரத்துக்கு அடியிலதான் போனேன், ரெண்டு வாட்டி. அவர் என்னை பாத்து கேட்டார், "ஏம்மா, மீட்டர் போட்டுட்டா நடக்கற?"

மீட்டரை ஆஃப் பண்ணுங்க. இதான் என்னோட முதல் டிப், பாக்கி எல்லாம் இதோட வால்தான். வாட்சை வீட்டுல வைங்க, ஹெட்செட்டை வைங்க, எத்தனை ஸ்டெப்புன்ற கணக்கை சாயங்காலத்துக்கு வேணா வச்சுக்கோங்க.

ரூட்டுக்கு எங்கயும் போய் தேட வேணாம். வீட்டுலேர்ந்து நடந்தே போற தூரத்துல கொஞ்சம் மரம், முடிஞ்சா கொஞ்சம் தண்ணி, அது போதும். ஏரிக்கரை, கோயில் குளம், கால்வாய் ஓரம், பெரிய மைதானம், எதுவா இருந்தாலும் சரி, ஒண்ணரை கிலோமீட்டர் போக வர. ஆனா அதே ரூட்டைத்தான் எட்டு வாரமும் நடக்கணும். தினம் ஒரு புது இடம் போனா புது இடத்தை பாப்பீங்க, அவ்ளோதான். ஒரே இடத்தை திரும்ப திரும்ப பாத்தாதான் நேத்து இல்லாதது இன்னிக்கு இருக்குன்னு கண்ணுக்கு தட்டுப்படும். எங்க ரூட்டுல ஒரு தூங்குமூஞ்சி மரம், ஒரு மரமல்லி, நாலஞ்சு பாதாம் மரம், ஒரு காலி மனை, அதை தாண்டி ஏரிக்கரை. சொல்லிக்கற மாதிரி ஒண்ணும் இல்ல. அந்த காலி மனையைத்தான் நான் அதிக நேரம் நின்னு பாக்கறேன், அங்க அபார்ட்மெண்ட் வர்றதுக்குள்ள பாத்துக்கறது நல்லதுதானே.

நேரம் முக்கியம். மார்கழி பொறக்கறப்போ சூரியன் 6:20 வாக்குல வரும், தை பொறக்கறப்போ 6:35 கிட்ட போயிடும், பொங்கலுக்கு அப்புறமும் கூட கொஞ்ச நாள் லேட்டாதான் விடியும். அதனால அஞ்சே முக்காலுக்கு வாசல்ல செருப்பு மாட்டினா சரியா இருக்கும். இருட்டுல ஆரம்பிச்சு வெளிச்சத்துல முடிக்கணும், அந்த நடு அரை மணி நேரத்துலதான் எல்லாமே நடக்குது. ஏழரைக்கு மேல ஸ்கூல் வேன் ஹாரன் ஆரம்பிச்சுடும், அப்புறம் நடந்தா அது வாக்கிங், வேற ஒண்ணும் இல்ல.

இருட்டா இருக்கறப்போ கண்ணுக்கு வேலை இல்ல, அதனால காதை திறங்க. முதல்ல கத்தறது பெரும்பாலும் கரிச்சான்தான், காக்கா எழுந்துக்கறதுக்கு முன்னாடியே கரண்டு கம்பில உக்காந்து ஆரம்பிச்சுடும், மார்கழி பாட்டுல வர்ற ஆனைச்சாத்தன் இதுதான்னு சொல்றவங்களும் உண்டு. அப்புறம் செம்போத்து, ஆழத்துலேர்ந்து வர்ற மாதிரி ஊப் ஊப்னு. தையல்சிட்டு உள்ளங்கை சைஸ்தான், சத்தம் மட்டும் தெருவுக்கே கேக்கும். தோட்டம், புதர் உள்ள ஏரியான்னா சரியா ஆறு மணி சுமாருக்கு ரெண்டு சுருதில ஒரு விசில் கேக்குதான்னு பாருங்க. அது ஆறுமணிக் குருவி. காலைல ஆறு, சாயங்காலம் ஆறு, ரெண்டு வேளையும் விசில் அடிக்கறதால அந்த பேரு. வடக்கேலேர்ந்து குளிருக்கு இங்க வந்து தங்கற பறவை, ராத்திரில பறந்து வரும், அக்டோபர்ல களைச்சுப்போய் சில சமயம் பால்கனிலயோ பாத்ரூம்லயோ கூட வந்து விழுந்திருக்கும். ஒன்பது கலர் இருக்கறதால ஏதோ கூண்டுலேர்ந்து தப்பிச்ச கிளின்னு ஜனங்க நினைச்சுக்கறாங்க. அப்படி வந்துச்சுன்னா வளக்கறேன்னு கிளம்பாதீங்க, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டில வச்சு இருட்டான அமைதியான இடத்துல விட்டு, சாயங்காலம் மரம் இருக்கற இடமா பாத்து திறந்து விட்டுடுங்க, அடி பட்டிருந்தா வனத்துறைக்கு போன் பண்ணுங்க.

சத்தத்தை வச்சு பேர் சொல்ற மெர்லின்னு ஒரு ஆப் இருக்கு, ஃப்ரீ. வச்சுக்கோங்க, ஆனா முதல் ரெண்டு வாரம் வேணாம். பேர் தெரிஞ்சவுடனே ஆ தெரிஞ்சுடுச்சுன்னு மேல நடந்துடறோம். பேர் தெரியாதப்போதான் நின்னு பாக்கறோம். இன்னொண்ணு, ஆப்ல இருக்கற பறவை சத்தத்தை ஸ்பீக்கர்ல போட்டு பறவையை கூப்பிடற வேலை வேணாம், அது யாரோ தன் எல்லைக்குள்ள வந்துட்டாங்கன்னு டென்ஷன் ஆகி சுத்தும், பாவம்.

வெளிச்சம் வந்ததும் எல்லாரும் மேல அண்ணாந்து பாப்பாங்க, நீங்க கீழ பாருங்க. கார்த்திகை மழை ஓஞ்சு ரெண்டு மூணு வாரம்தான் ஆகியிருக்கும், மண்ணுல ஈரம் இருக்கு, காலி மனை எல்லாம் பச்சையா இருக்கு, தும்பை வெள்ளையா பூத்திருக்கும். மரமல்லி மரம் உங்க ரூட்டுல இருந்தா லக்கு, ராத்திரி பூத்து விடியறதுக்குள்ள கொட்டிடும், நீளமா வெள்ளை குழல், அடில ரோடே தெரியாது, வண்டி ஏறி நசுங்கறதுக்கு முன்னாடி ரெண்டு எடுத்து பாக்கெட்ல போட்டுக்கோங்க, ஆபீஸ்ல மதியம் வரைக்கும் வாசனை வரும். பவளமல்லியும் இதே கதைதான், ஆரஞ்சு காம்பு, தொட்டாலே வாடிடும். பாதாம் மரத்துக்கு இதுதான் இலையுதிர் காலம். கிச்சன் தட்டு சைஸ்ல ஒரு இலை, பாதி பச்சை பாதி சிவப்பு, நடு நரம்பு மட்டும் மஞ்சளா நிக்கும், ஒரே இலைல மூணு ஸ்டேஜ். வெளிநாட்டுல சிவப்பு இலை பாக்க டூர் போறவங்க இருக்காங்க, நமக்கு கார்ப்பரேஷன் பெருக்கற அக்கா வர்றதுக்கு முன்னாடி பாத்தா போதும்.

புல்லுல உக்காந்திருக்கற தட்டானை மட்டும் தவற விட்டுடாதீங்க. பகல்ல அது கிட்டயே போக முடியாது, சின்ன வயசுல வால்ல நூல் கட்டறேன்னு எவ்ளோ துரத்தியிருப்போம். ஆனா மார்கழி காலைல அதுக்கு உடம்பு சூடு ஏறினாதான் பறக்க முடியும், அதனால வெயில் வர்ற வரைக்கும் புல் நுனிய பிடிச்சுட்டு அசையாம தொங்கிட்டு இருக்கும். நான் முட்டி போட்டு ஒரு சாண் தூரத்துல மூஞ்சிய வச்சு பாத்திருக்கேன். றெக்கை முழுக்க பனி, ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு துளி, கண்ணு மேல கூட துளி, அதை முன்னங்காலால துடைச்சு விட்டுக்குது, நம்ம கண்ணாடி துடைக்கற மாதிரி. வெயில் படறப்போ றெக்கை லேசா நடுங்க ஆரம்பிக்கும், இஞ்சின் ஸ்டார்ட் பண்ணி விட்ட பைக் மாதிரி ஒரு நிமிஷம் கிட்ட நடுங்கும், அப்புறம் சடார்னு கிளம்பிடும். அன்னிக்கு நான் அந்த ஒரு நிமிஷத்துல எதையுமே நினைக்கலன்னு வீட்டுக்கு வந்தப்புறம்தான் தோணுச்சு. இந்த தட்டான்லயே ஒரு வகை, மஞ்சளா இருக்கும், மழை சீசன்ல கூட்டமா பறக்குமே, அது இந்தியாலேர்ந்து கடல் தாண்டி ஆப்பிரிக்கா வரைக்கும் போற ஜாதி. நம்ம தெரு கம்பில உக்காந்திருக்கறதுக்கு பாஸ்போர்ட்டே வேணாம்.

கோலத்தையும் பாருங்க, அதுவும் நேச்சர்ல சேத்திதான். கல்லு மாவு கோலமா அரிசி மாவு கோலமான்னு தூரத்துலயே சொல்லிடலாம், அரிசி மாவுன்னா எறும்பு லைன் கட்டியிருக்கும், அணில் வந்திருக்கும். சாணில சொருகின பூசணிப்பூவுக்குள்ள சில நாள் ஒரு தேனீ கூட இருக்கும்.

தண்ணி இருக்கற இடத்துக்கு வருவோம், ஏன்னா மெட்ராஸ் குளிர்காலத்தோட உண்மையான பணக்காரத்தனம் அங்கதான். பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022ல ராம்சர் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல வந்துச்சு, 1,247 ஹெக்டேர் சொச்சம், முன்னாடி இருந்ததுல இது ஒரு மிச்சம்தான். நடுவுல 200 அடி ரோடு, ஒரு பக்கம் குப்பைமேடு, சுத்தி ஐடி கம்பெனி கண்ணாடி. இதுக்கு நடுவுல பூநாரை நிக்கும். முதல் தடவை போறவங்களுக்கு அந்த நாத்தம் கொஞ்சம் கஷ்டம்தான், பத்து நிமிஷத்துல மூக்கு பழகிடும். வண்டிய ஓரமா பாதுகாப்பா நிறுத்திட்டு, வெயில் உங்க முதுகுப்பக்கம் இருக்கற மாதிரி நில்லுங்க, இல்லன்னா எல்லா பறவையும் கறுப்பு பொம்மையாதான் தெரியும். காலைல நீங்க கிழக்குப்பக்கம் நின்னு மேற்கே பாக்கணும், சாயங்காலம் உல்டா.

அங்க நின்னு எல்லாத்தையும் எண்ண முயற்சி பண்ணாதீங்க, ஒரே ஒரு பறவையை பிடிச்சுக்கோங்க, கால் மணி நேரம் அதை மட்டும் பாருங்க. எனக்கு நீலத் தாழைக்கோழி. ஊதா நீலம், சிவப்பு மூக்கு, பாக்க கோழி மாதிரி, ஆனா சாப்பிடறது மனுஷன் மாதிரி. கோரைத் தண்டை கடிச்சு இழுத்து, ஒரு காலால கையில பிடிக்கற மாதிரி பிடிச்சு தூக்கி, நாம கரும்பு கடிக்கற கணக்கா தோலை உரிச்சு உள்ள இருக்கற வெள்ளைய தின்னும். எங்க அப்பா பாத்துட்டு "பொங்கல் இவனுக்குதான் முதல்ல வந்திருக்கு"ன்னாரு. இலைக்கோழி மிதக்கற இலை மேலயே முழுகாம நடக்கும், விரல் அவ்ளோ நீளம், பாரம் பரவிடுது. நெடுங்கால் உள்ளான் ரோஸ் கலர் குச்சி கால வச்சுட்டு நிக்கும். ஊசிவால் வாத்து, தட்டைவாயன் எல்லாம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வடக்கேலேர்ந்து வந்தது, இங்க வந்து பாதி நேரம் தூங்குது. எனக்கு அதை பாக்க பொறாமையா இருக்கும்.

திடீர்னு மொத்த ஏரியும் ஒரே நேரத்துல எழும்புச்சுன்னா பயப்படாதீங்க, மேல பாருங்க, பழுப்பா ஒரு பூனைப்பருந்து தாழ்வா கோரை மேல உரசற மாதிரி போயிட்டு இருக்கும். அதுவும் குளிருக்கு வர்ற விருந்தாளிதான். அது தாண்டிப் போனதும் எல்லாம் அதே இடத்துல வந்து உக்காந்து விட்ட இடத்துலேர்ந்து மேய ஆரம்பிச்சுடும்.

பைனாகுலர் வேணுமான்னு கேப்பீங்க. முதல் சீசனுக்கு வேணாம். அப்புறம் வாங்கறதா இருந்தா 8க்கு 42ன்னு போட்டிருக்கறதை வாங்குங்க, எட்டு மடங்கு பெருசாக்கும், முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர், விடியக்காலை மங்கல் வெளிச்சத்துக்கு நல்லா இருக்கும். 20 மடங்கு, 30 மடங்குன்னு கடைல சொல்றதை வாங்கி ஏமாறாதீங்க, கை நடுக்கமும் சேந்து அதே மடங்கு பெருசாகும்.

சிட்டிக்குள்ள இருக்கறவங்களுக்கு இடத்துக்கு பஞ்சம் இல்ல. அடையாறு பக்கம் தொல்காப்பியப் பூங்கா இருக்கு, 58 ஏக்கர், குப்பை கொட்டின கழிமுகத்தை சரி பண்ணி எடுத்தது. கோட்டூர்புரம் ஆத்தங்கரைல மரப்பூங்கா இருக்கு. கிண்டி தேசியப் பூங்கா 2.7 சதுர கிலோமீட்டர், 1978லேர்ந்து தேசியப் பூங்கா, உள்காட்டுக்குள்ள நம்மள விட மாட்டாங்க, சிறுவர் பூங்கா பக்கம் போலாம், செவ்வாய்க்கிழமை லீவு. தியாசாபிகல் சொசைட்டி ஆலமரத்தை ஒரு தடவையாவது போய் பாருங்க, 1989 புயல்ல நடு மரமே விழுந்து போச்சு, இப்போ விழுதுங்கதான் மரம், நடுவுல நின்னா மேல வானம் தெரியும். எல்லா இடத்துலயும் டைமிங், டிக்கெட் மாறிட்டே இருக்கும், போறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிடுங்க, நான் ஒரு தடவை குடும்பத்தோட போய் மூடின கேட்ல செல்ஃபி எடுத்துட்டு வந்தேன்.

பீச்னா எனக்கு பெசன்ட் நகர்லேர்ந்து திருவான்மியூர் தாண்டி தெக்கே போற பக்கம்தான் பிடிக்கும், கூட்டம் குறையும். வாடைக்காத்து அடிக்கற சீசன், கடல் கலங்கலா முரட்டுத்தனமா இருக்கும், கால் நனைக்கறதோட நிறுத்திக்கோங்க. மழைக்கு அப்புறம் ஆத்துலேர்ந்து அடிச்சுட்டு வந்த ஆகாயத்தாமரை கரை முழுக்க கிடக்கும். மணல்ல ராவணன் மீசைன்னு ஒரு முள் புல், அதோட காய் பந்து மாதிரி, காத்துல உருண்டு உருண்டு ஓடும், பசங்களை கூட்டிட்டு போனா அதை துரத்தியே டயர்ட் ஆயிடுவாங்க. புயலுக்கு அப்புறம் நீலமா சின்னதா ஏதாவது ஒதுங்கியிருந்தா தொடாதீங்க, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் முடிஞ்சு பெசன்ட் நகர்ல நீல டிராகன்னு ஒரு கடல் நத்தை ஒதுங்குச்சு, சுண்டு விரல் சைஸ், அழகா இருக்கும், கொட்டினா தாங்காது.

பொங்கல் முடிஞ்சதும் ராத்திரி நடை ஒண்ணு இருக்கு. பங்குனி ஆமைங்க முட்டை போட கரைக்கு வர்ற சீசன், ஜனவரிலேர்ந்து மார்ச் வரைக்கும். 1988லேர்ந்து மாணவர்கள் கடலாமை பாதுகாப்பு குழு நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவுல ராத்திரி நடந்து முட்டைகளை எடுத்து பத்திரமா பொரிக்க வைக்கறாங்க, வார இறுதில பப்ளிக்கையும் கூட்டிட்டு போவாங்க. ஆறேழு கிலோமீட்டர் மணல்ல, ராத்திரி பதினொண்ணு பன்னெண்டுக்கு ஆரம்பிச்சா விடியக்காலை நாலு ஆயிடும். டார்ச் அடிக்கக்கூடாது, ஃப்ளாஷ் கூடாது, கருப்பு டிரஸ் நல்லது. மதியம் ஒரு தூக்கம் போட்டுட்டு போங்க. ஒண்ணு சொல்லிடறேன், ஆமை வரும்னு கியாரண்டி கிடையாது. நான் ரெண்டு தடவை போய் வெறும் மணலை மிதிச்சுட்டு வந்தேன், ஒரு தடவை செத்து ஒதுங்கின ஆமையைத்தான் பாத்தேன், 2025 ஜனவரில நம்ம கரைல அப்படி நூத்துக்கணக்குல ஒதுங்குச்சு, அதை பத்தி எழுத ஆரம்பிச்சா இந்த கட்டுரை வேற மாதிரி ஆயிடும். மூணாவது தடவை, மூணு மணி வாக்குல, மணல்ல டிராக்டர் டயர் போன மாதிரி தடம். அது முடியற இடத்துல அவ. முட்டை எல்லாம் போட்டு முடிச்சு, பின்னங்காலால குழிய மூடிட்டு, உடம்பை இந்தப்பக்கம் அந்தப்பக்கம் ஆட்டி ஆட்டி வயித்தால மண்ணை தட்டறா, தொப்பு தொப்புன்னு சத்தம், நாம நின்ன இடத்துல காலுக்கு அடில தெரியுது. இருபது பேர் இருந்தோம், ஒருத்தர் கூட பேசல. அப்புறம் திரும்பி, நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கி, அலைக்குள்ள போயிட்டா.

ஒரே ஒரு நாள் ஊருக்கு வெளில போகணும்னா வேடந்தாங்கல். 80 கிலோமீட்டர் வாக்குல வரும். ஏரில தண்ணி நிறைஞ்ச வருஷம்தான் பறவை நிறைய வரும், அதனால மழை நல்லா பெஞ்சிருக்கான்னு பாத்துட்டு கிளம்புங்க. மதியம் போய் சேந்து சாயங்காலம் நாலு மணிக்கு மேல பாக்கறதுதான் பெஸ்ட், வெளில மேயப் போனதெல்லாம் வீடு திரும்பும், கூழைக்கடா இறங்கறது ஃப்ளைட் இறங்கற மாதிரியே இருக்கும், கால முன்னாடி நீட்டி தண்ணில சறுக்கும். இந்த ஊர்க்காரங்கதான் இருநூறு வருஷத்துக்கு மேல பறவைங்களை காப்பாத்திட்டு வர்றாங்க, தீபாவளிக்கு பட்டாசு கிடையாது, பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணி வயலுக்கு உரமா போகுது, ரெண்டு பக்கத்துக்கும் லாபம்.

இனி சில தொல்லைங்க. தெருநாய்தான் முதல் பிரச்சனை, விடியக்காலைல அதுங்க ராஜ்ஜியம். ஓடாதீங்க, கண்ணுக்கு கண்ணு முறைக்காதீங்க, நின்னு மெதுவா நகருங்க. அப்பாவோட டெக்னிக் வேற, பாக்கெட்ல ரெண்டு மேரி பிஸ்கட், முதல் வாரமே அந்த தெரு தலைவனோட ஒப்பந்தம் போட்டுட்டார், இப்போ அது எங்களுக்கு எஸ்கார்ட் வருது. கொசு ரெண்டாவது, முழுக்கை சட்டை, ஃபுல் பேண்ட். மழைத்தண்ணி தேங்கின இடத்துல செருப்பு இல்லாம இறங்காதீங்க, எலிக்காய்ச்சல் சீசன். புதர் பக்கம் போறப்போ ஷூ போட்டு காலை அழுத்தி வச்சு நடங்க, பாம்பு தானா ஒதுங்கிடும், சாரைப்பாம்பை பாத்து கத்தி ஊரை கூட்டாதீங்க, அது எலி பிடிக்க வந்திருக்கு. பொண்ணுங்க தனியா இருட்டுல போறது எல்லா ஏரியாலயும் சரிப்படாது, எதிர்வீட்டு அக்காவோ தங்கச்சியோ யாரையாவது சேத்துக்கோங்க, ஆனா முதல் அரை மணி நேரம் பேசக்கூடாதுன்னு ரூல் போடுங்க. திரும்பி வர்றப்போ மாமியார் கதை எல்லாம் பேசிக்கலாம்.

போகி அன்னிக்கு மட்டும் போகாதீங்க. பனியும் டயர் புகையும் கலந்து எதிர்ல வர்றவங்க மூஞ்சி தெரியாது, தொண்டை ரெண்டு நாளைக்கு கரகரன்னு இருக்கும். ஆஸ்துமா இருக்கறவங்க அடுத்த நாளும் ஜன்னலை திறந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

பொங்கல் லீவுல நாலு நாள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், 2015லேர்ந்து. உங்க ரூட்டுலயே ஒரு இடத்துல 15 நிமிஷமாவது நின்னு என்ன பறவை எத்தனைன்னு எண்ணி இபேர்ட்ங்கற பறவை பதிவு வெப்சைட்ல போடணும், அவ்ளோதான். மொட்டை மாடில நின்னும் பண்ணலாம். நாங்க போன வருஷம் போட்டதுல பாதி காக்கா, புறா, மைனா. அதையும் போடணும்னு சொல்லியிருக்காங்க, காக்கா எத்தனைன்னு யாராவது எண்ணினாதானே குறைஞ்சா தெரியும். சீனியர்ஸ் கூட நடந்து கத்துக்கணும்னா 1978லேர்ந்து இருக்கற மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி வெளில கூட்டிட்டு போறாங்க, மரம் பத்தி கத்துக்க 'நிழல்'ங்கற அமைப்போட மர நடை இருக்கு.

எழுதி வைக்கணும்னு தோணினா தினசரி காலண்டர் தாள் போதும், கிழிச்ச தாளோட பின்பக்கம் ஒரே ஒரு வரி. "மரமல்லி நின்னுடுச்சு." "தகைவிலான் கம்பில 40." "பனி, ஏரி தெரியல." எங்க வீட்டுல ஃப்ரிட்ஜ் மேல ஒரு ஸ்வீட் டப்பால சேத்து வச்சிருக்கோம். டாக்டர்கிட்ட அதுக்கப்புறம் நான் தூக்கத்துக்காக போகல, வேலை டென்ஷன் என்னவோ அப்படியேதான் இருக்கு.

சீசன் எப்போ முடியுதுன்னு காலண்டர் பாக்க வேணாம். மார்கழி ஃபுல்லா குயில் வாயே திறக்காது, இருக்கும், ஆனா சத்தம் இருக்காது. மாசி வாக்குல ஒரு நாள் இருட்டுலயே ஆரம்பிக்கும், படி ஏறற மாதிரி ஏத்தி ஏத்தி. போன வருஷம் நாங்க தெருமுனை கூட தாண்டல, அப்பா நின்னு கேட்டாரு, "அவ்ளோதான்மா, கத்த ஆரம்பிச்சுட்டான்"னு சொல்லி குல்லாவை கழட்டி கையில வச்சுக்கிட்டாரு. அன்னிக்கு ஏழு மணிக்கே முதுகுல வெயில் உறைச்சுது. ஞாயித்துக்கிழமை குல்லா, மஃப்ளர், ஸ்வெட்டர் எல்லாத்தையும் துவைச்சு காயப்போட்டு அந்துருண்டை வச்சு பரண்ல ஏத்தினோம்.